பால் எடுத்த கையும் உறை அணிந்த கையும்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில் அமைந்த சித்தியவான், இன்று செம்பனை சூழ்ந்த ஊர். அதனைச் சூழ்ந்து ஒரு காலத்தில் நின்றவை ரப்பர் மரங்கள். ஆயர் தாவார், புருவாஸ் ஆகிய இடங்களை நோக்கிப் போகும் சாலைகளின் இருமருங்கும் தோட்டங்கள் இருந்தன. விடியலுக்கு முன்பே பிரட்டுக்கு வந்து பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கத்தியும் வாளியுமாக நிரைக்குள் புகுந்தவர்களுள் தமிழர் மிகப் பலர். மரத்தின் பட்டையைச் சீவி அவர்கள் எடுத்த பால், மங்கில் வடிந்து, வாளியில் நிறைந்து, ஆலைக்குச் சென்று, கடல் கடந்தது. அதன் ஒரு பகுதி, மருத்துவர் கைக்கும் தாதியர் கைக்கும் உறையாக மாறியது.

குருதி வழியாகத் தொற்றும் நோய்களிலிருந்து தொழிலாளரைக் காத்த வரலாற்றை எழுதுவோர் ஐரோப்பிய மருத்துவமனைகளிலிருந்தே தொடங்குவது வழக்கம். அதில் குற்றமில்லை. ஆயினும், அவ்வரலாற்றின் ஒரு வேர் பேராக் மண்ணில் ஊன்றியிருப்பதை அவர்கள் பெரும்பாலும் காண்பதில்லை. உறை அணிந்த கையைப் பற்றி நூல்கள் நிரம்ப உண்டு. அவ்வுறைக்குப் பால் எடுத்த கையைப் பற்றிய பக்கங்களோ மிகக் குறைவு.

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வியன்னா நகரில் யாக்கோப் கொலெட்ஷ்கா என்னும் பேராசிரியர் ஒருவர் இறந்தார். பிணச் சோதனை நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவனின் கத்தி தவறி அவர் விரலில் பட்டது. சிறு காயந்தான். சில நாள்களுக்குள் உடலெங்கும் நஞ்சேறி உயிர் பிரிந்தது. அவருடைய நண்பர் இக்னாஸ் செம்மல்வைஸ், அவ்வுடலின் சோதனைக் குறிப்பைப் படித்தபோது, பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடல்களில் கண்ட அதே மாற்றங்களை அதிலும் கண்டு திடுக்கிட்டார். பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்குச் சென்ற மருத்துவர்களின் கைகளே நோயைச் சுமந்தன என்பது அவருக்குப் புலனாயிற்று. குளோரின் கலந்த நீரால் கைகழுவ வேண்டும் என்று அவ்வாண்டே விதி செய்தார். உலகம் இந்நிகழ்ச்சியைத் தாய்மாரைக் காத்த கதையாகவே நினைவில் வைத்திருக்கிறது. அக்கதைக்குத் தொடக்கம், பணியில் இருந்த ஒருவர் பணியின் காரணமாகவே நோயுற்று இறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கையுறையின் பிறப்பும் இத்தகையதே. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அறையில் கரோலின் ஹாம்ப்டன் என்னும் தாதி தலைமைப் பணி ஆற்றினார். தூய்மை செய்யப் பயன்பட்ட பாதரசக் கரைசல், அவருடைய கைகளைப் புண்ணாக்கியது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1889–90 காலத்தில், மெல்லிய ரப்பர் உறைகளை அவருக்கெனச் செய்து தருமாறு குட்இயர் ரப்பர் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். (பிற்காலத்தில் வண்டிச் சக்கரங்களால் பெயர் பெற்ற நிறுவனம் அன்று, அது 1898இல்தான் தோன்றியது.) 1890இல் ஹால்ஸ்டெட் அத்தாதியையே மணந்துகொண்டார். நோய்க்கிருமியைத் தடுப்பதற்காக அன்றி, தொழில் செய்யும் ஒரு பெண்ணின் தோலைக் காப்பதற்காகவே அவ்வறையில் கையுறை தோன்றியது என்பது ஈண்டு கருதத்தக்கது. பின்னர் ஹால்ஸ்டெட்டின் மாணவர் புளட்குட் என்பார், கையுறை அணிந்து செய்த அறுவைகளில் புண் சீழ்கொள்வது குறைந்ததைக் கண்டு 1899இல் எழுதினார். அதன் பிறகு உறை நோயாளியைக் காக்கும் பொருளாயிற்று. அணிந்தவரைக் காப்பது என்னும் முதல் நோக்கம், ஏறத்தாழ எண்பது ஆண்டுக்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

ஹால்ஸ்டெட் உறை செய்வித்த நாளில் பயன்பட்ட ரப்பர், பெரும்பாலும் பிரேசில் காட்டு மரங்களின் பால். ஆனால் அம்மரத்தின் பிள்ளைகள் அதற்கு முன்னரே பேராக்கிற்கு வந்துவிட்டன. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9, பேராக்கின் கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டு, ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்நாள் மரங்களுள் ஒன்று எனப் போற்றப்படும் முதுமரம் ஒன்றைக் கோலகங்சாரில் பாதுகாத்து வைத்துள்ளனர்.

சித்தியவானின் கதை கால் நூற்றாண்டு பிந்தியது. 1903இல் மெதடிஸ்ட் திருச்சபையின் ஏற்பாட்டால் சீனாவின் பூச்சோ வட்டாரத்திலிருந்து குடியேறிகள் அங்கு வந்தனர். நெல் விளைவிக்க வந்த அவர்கள், சில ஆண்டுகளுக்குள் ரப்பருக்கு மாறினர். சீனரின் சிறு தோட்டங்களுக்கு அருகே பெருந்தோட்டங்களும் எழுந்தன. அங்கே தமிழகத்திலிருந்து கங்காணி வழியும் பிற வழிகளிலும் வந்தோர் லயங்களில் குடியேறினர்.

பால்மரம் வெட்டுவது நுட்பமான தொழில். கத்தி ஆழ இறங்கினால் மரம் புண்படும். மேலோடு நின்றுவிட்டால் பால் வராது. இருளில், விளக்கொளி விழும் சிறு வட்டத்துள், விரல் நுனியின் உணர்வைக் கொண்டே அளவறிந்து சீவ வேண்டும். ஆதலின் வெட்டுவோர் வெறுங்கையராகவே இருந்தனர். கத்திக்காயம் வாழ்வோடு ஒட்டியது. காயத்தின் மேல் பால் காய்ந்து தோலோடு பற்றிக்கொள்ளும். பாலை உறைய வைக்கும் அமிலம் ஆலைத் தொழிலாளரின் விரல்களை அரித்தது. ஹாம்ப்டனின் கைகளுக்கு நேர்ந்தது போன்ற துன்பமே இது. இங்கே உறை செய்வித்துத் தர ஹால்ஸ்டெட் ஒருவர் இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் நிலையையும் சொல்லியாக வேண்டும். சட்டப்படி பெருந்தோட்டங்கள் மருத்துவ வசதி செய்து தந்தன. அங்கே நாள்தோறும் நோயாளியைக் கண்டவர் டிரஸ்ஸர். மருத்துவர் வருவது அரிது. கண்ணாடிப் பீற்றுக்குழலும் எஃகு ஊசியும் கொதிநீரில் வெந்து மீண்டும் மீண்டும் பயன்படும். முனை மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்வார்கள். இது மலாயாத் தோட்டங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி பரவும் வரை உலகெங்கும் நிலவிய நடைமுறையே. கொதித்த நேரம் குறைந்தால், ஒருவர் குருதி மற்றவர் உடலுள் செல்லும். ஊசியைக் கழுவும் உதவியாளரின் விரலிலும் அது ஏறும்.

ஏறினால் என்ன ஆகும் என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. ‘ஊசி போட்டபின் வரும் காமாலை’ என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டனர். பாரூக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் தாம் கண்ட புதிய பொருளைப் பற்றி 1965இல் எழுதினார். அது கல்லீரலை அழிக்கும் பி வகை அழற்சிக் கிருமியின் பகுதி என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1976இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அதற்குள் எடின்பரோ நகரின் சிறுநீரக மருத்துவப் பிரிவில் 1969–70இல் அந்நோய் பரவி, நோயாளிகளோடு பணியாளர்களும் மாண்டிருந்தனர். தடுப்பூசி போடாத ஒருவரை இக்கிருமி கலந்த ஊசி குத்தினால், நூற்றுக்கு முப்பது வரை நோய் தொற்றக்கூடும். எயிட்சுக் கிருமியாயின் அவ்வாய்ப்பு ஆயிரத்திற்கு மூன்று. இருந்தும் மருத்துவமனைகள் உறைக்கு ஓடியது முன்னதைக் கண்டு அன்று, பின்னதைக் கண்டே. அச்சம் கணக்குப் பார்த்து வருவதில்லை போலும். 1981இலேயே அமெரிக்கா கல்லீரல் அழற்சித் தடுப்பூசிக்கு ஒப்புதல் அளித்திருந்தும், அதனைப் போட்டுக்கொள்ளாத பணியாளர் பல்லாயிரவர்.

தமிழர் வரலாற்றில் இப்பொருள் தொடர்பாக நிலைத்து நிற்கும் நிகழ்ச்சி ஒன்று சென்னையில் நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் தூண்டுதலால், எயிட்சுக் கிருமி இந்தியாவில் உண்டா என்று ஆராயப் புகுந்தார். 1985இன் இறுதியில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிச் சென்று குருதி எடுத்தார். கையில் உறை இல்லை. வேறு காப்பும் இல்லை. குருதிநீரை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் அக்குப்பிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றன. ஆறு குப்பிகளில் நிறம் மாறியது. அவ்வாண்டு மே திங்களில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே தமிழகச் சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நாட்டின் கண்ணைத் திறந்த அந்த ஆய்வை ஓர் இளம் பெண் வெறுங்கையால் செய்து முடித்தார் என்பது, அவர் துணிவுக்கும் அந்நாளைய ஆய்வுக்கூடங்களின் ஏழ்மைக்கும் ஒருங்கே சான்றாகும். அதே 1986ஆம் ஆண்டில் மலேசியாவிலும் முதல் எயிட்சுக் கிருமித் தொற்று பதிவாயிற்று.

அடுத்த ஆண்டு, 1987 ஆகஸ்டில், அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஓர் அறிவுரை வெளியிட்டது. எவர் குருதியையும் தொற்றுடையதாகவே கருதி நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். நோயாளியின் முகத்தையோ குலத்தையோ தொழிலையோ பார்த்து ஐயுறுவதை அது தேவையற்றதாக்கிற்று. அறிவியல் வகுத்த சமன்மை என்று இதனைக் கூறினால் மிகையாகாது. உறை அணிதல், பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடாமை, கூர்ப்பொருளைத் தடித்த பெட்டியில் இடுதல் ஆகியவை அதனால் வழக்காயின. உறை ஊசியைத் தடுக்காது. ஆயினும் ஊசி உறையைத் துளைத்துச் செல்லும்போது அதன்மேல் ஒட்டிய குருதியில் ஒரு பகுதி துடைக்கப்பட்டுவிடும். 1991இல் அமெரிக்கா இதனைச் சட்ட விதியாக்கி, உறையையும் தடுப்பூசியையும் முதலாளியே தம் செலவில் தர வேண்டும் என்று கட்டளையிட்டது.

அவ்வறிவுரையின் எதிரொலி மலேசியாவில் ஆலைச் சங்காகக் கேட்டது. கையுறைக்கு உலகம் ஏங்கி நின்றது. பாலோ இங்கே இருந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் கையுறை ஆலைகள் மளமளவென எழுந்தன. சந்தை நிரம்பியதும் அவற்றுள் பல மூடப்பட்டன. நிலைத்தவை பெருகின. பேராக்கில் கமுந்திங்கிலும் ஈப்போவிலும் ஆலைகள் அமைந்தன. 1988இல் ரப்பர் விலை உயர்ந்ததற்கு இத்தேவையும் ஒரு காரணம். ஆலைக்குள் பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாக நகர்ந்து, பாலில் தோய்ந்து, உலைக்குள் புகுந்து வெளிவரும். உயிரற்ற கைகளின் அவ்வூர்வலத்திலிருந்து உயிருள்ள கைகளுக்கான தோல் உரித்தெடுக்கப்பட்டது. 2010களில் உலகக் கையுறைகளில் பாதிக்கு மேல் மலேசியா தந்தது.

சட்டமோ மெல்லவே நடந்தது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ஆலைக்குரியது; ரப்பர் நிரையையும் மருத்துவமனைக் கூடத்தையும் அது எட்டவில்லை. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே வேளாண்மையையும் பொதுச் சேவையையும் ஒரே அட்டவணையில் சேர்த்தது. பால் வெட்டியவரும், தோட்டத்தை விட்டு வந்து மருத்துவமனையில் உதவியாளராகவோ தாதியாகவோ பணியாற்றிய அவர் பிள்ளைகளும் ஒரே சட்டத்தின் காப்புக்குள் வந்தனர். தந்தைக்கு அது காலங்கடந்த உதவி. அப்போது தோட்டங்கள் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன, லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. 2024 ஜூன் முதல் அச்சட்டம் ஏறத்தாழ எல்லாப் பணியிடங்களுக்கும் விரிந்தது. வீட்டுப் பணியாளர் இன்னும் அதற்கு வெளியேதான் இருக்கின்றனர்.

காப்பவரைக் காக்கும் உறையே சிலருக்குத் தீங்காகவும் முடிந்தது. 1990களில், உறையிலிருந்த பாலின் புரதமும் அதனை ஏந்திப் பறந்த தூளும் தாதியர் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கின. ஹாம்ப்டனின் புண்ணை ஆற்றப் பிறந்த பொருள் நூறாண்டு கழித்துத் தாதியரின் கைகளையே புண்ணாக்கியது. தூளிட்ட உறைகளை அமெரிக்கா 2017இல் தடைசெய்தது. நைட்ரில் என்னும் செயற்கைப் பொருள் மரப்பாலின் இடத்தைப் பிடித்தது. 2020இல் கோவிட் பெருந்தொற்று உலகை உலுக்கியபோது, உறைக்கான தேவை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. அவ்வாண்டு நவம்பரில் கிள்ளான் வட்டாரத்துக் கையுறைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அந்நோய்க்கு ஆளாயினர். நெருக்கமான விடுதிகளில் தங்கியிருந்த அவர்களுள் பெரும்பாலோர் அயல்நாட்டினர். அவர்களின் விடுதிகளைப் பற்றி எழுந்த குற்றச்சாட்டுகளைப் படித்த பழைய தோட்டக்காரருக்கு லயம் நினைவுக்கு வந்திருக்கும்.

இன்று மலேசிய ஆலைகளில் எஞ்சியுள்ள மரப்பாலுறைக்கும் பால் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது. சித்தியவானை அடுத்த செரி மஞ்சோங் மருத்துவமனைக்குச் செல்லும் சாலையில் செம்பனை நிற்கிறது. முன்பு பால் எடுத்த முதியவர் அங்கே குருதிச் சோதனைக்குக் கையை நீட்டும்போது, எதிரே ஊசி ஏந்தும் கையில் உறை இருக்கிறது.