நெஞ்சுவலியும் நேரமும்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே உங்கள் நினைவுக்கு வரும். 33 ஆண்டுகள் நானும் அவற்றையே கற்பித்தேன். இன்று ஒரு நோயின் வரலாற்றைச் சொல்ல முற்படுகிறேன். அதற்குக் காரணம் எங்கள் பூதப்பாண்டியில் 1991ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நிகழ்ந்த ஒன்று.

கும்பப்பூ அறுவடை முடிந்து களத்தில் பொலி அளந்துகொண்டிருந்த என் தாய்மாமன், மாலை 6 மணியளவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். மேலெல்லாம் வேர்த்தது, இடத்தோள் கடுத்தது. "வாயுதான், மருமவனே, சுக்குக் கஷாயம் போதும்" என்றார். பள்ளியில் சுகாதாரப் பாடமும் நடத்திவந்த நானே அந்தக் கஷாயத்தைக் கலந்து கொடுத்தேன். வலி தணிவதும் எழுவதுமாக இரவு கழிந்தது. நள்ளிரவில் வாடகைக் கார்க்காரரை எழுப்பக் கூசினோம். காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையை அடைந்தோம். "வலி எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?" என்பதே மருத்துவர் கேட்ட முதற்கேள்வி. சொன்னேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அன்று பிற்பகல் மாமன் காலமானார்.

அவர் ஏன் நேரத்தைக் கேட்டார்? பல்லாண்டுகளுக்குப் பின்பே அதன் விடையைத் தேடிப் படித்தேன்.

இந்நெஞ்சுவலியை 1768இல் இலண்டன் மருத்துவர் ஹெபர்டன் தெளிவாக விவரித்தார். இதயத் தமனியில் குருதி உறைந்து அடைத்துக்கொண்டாலும் எல்லோரும் உடனே இறப்பதில்லை என்று 1912இல் அமெரிக்க மருத்துவர் ஹெரிக் காட்டினார். ஆயினும் அதன்பின் நெடுங்காலம் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே சிகிச்சை. படுத்திருப்பதுதான் மருந்து என்றால் யார் விரைவார்கள்? எங்கள் வீட்டுத் தயக்கத்துக்கும் இப்பழைய எண்ணத்துக்கும் உறவு உண்டென்றே கருதுகிறேன்.

இறப்போரில் மிகப் பலர் மருத்துவமனையை எட்டுமுன்பே இறக்கின்றனர் என்பதைக் கண்ட பான்ட்ரிட்ஜ் என்பார், 1966இல் பெல்பாஸ்ட் நகரில் ஒரு புதுமை செய்தார். கார் மின்கலங்களால் இயங்கும், ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள மின்னதிர்ச்சிக் கருவியை ஊர்தியில் ஏற்றி, நோயாளியிடத்துக்கே மருத்துவரை அனுப்பினார்.

1986இல் இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. உறைந்த குருதியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 6 மணி நேரம் கடந்து பெற்றவர்களுக்குப் பயன் தெரியவில்லை. குருதி எட்டாத இதயத்தசை சிறிது சிறிதாக மடிகிறது, மடிந்தது மீள்வதில்லை. மாமன் பன்னிரண்டரை மணி நேரம் கழித்துச் சென்றார். 1988இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆஸ்பிரின் என்னும் மலிவான மாத்திரையே இறப்பில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கைத் தவிர்க்கும் என்று காட்டியது.

நம் நாட்டின் நிலை என்ன? 20,937 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. வலி தொடங்கி மருத்துவமனை சேர ஆன இடைநிலைக் காலம் 360 நிமிடம். அதாவது பாதிப்பேர் அதற்கும் பின்னரே வந்தனர். வந்தபின் கரைப்பு மருந்து பெற ஆனது 50 நிமிடமே. மருத்துவமனைகளைக் குறைகூறுவது நம் வழக்கம். இந்தக் கணக்கோ நம் வீட்டுத் திண்ணையைச் சுட்டுகிறது.

தமிழ்நாட்டில் 108 ஊர்தி 2008இல் வந்தது. 2012இல் தொடங்கிய ஒரு திட்டம் சிற்றூர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்தது. ஓராண்டுக்குள் இறப்போர் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2 ஆயினர். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகின்றனர்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு மூதாட்டிக்கு மூச்சுத் திணறலும் ஓங்கரிப்பும் வந்தன, நெஞ்சுவலி இல்லை. பெண்களுக்கும் நீரிழிவுள்ளோருக்கும் இந்நோய் இப்படி வேடம் மாறியும் வருவதுண்டு. "சீரணக் கோளாறுதான், சும்மா இரு" என்று அவர் தடுக்கத் தடுக்க, கல்லூரியில் பயிலும் பேரன் 108ஐ அழைத்துவிட்டான். நானும் உடன் சென்றேன். நாடி வரைபடத் தாளில் நேரம் அச்சாகியிருந்தது. திணறல் தொடங்கி 55 நிமிடம் ஆகியிருந்தது.