கண்ணை மயக்கிய ஓவியங்கள்

மயன் சமைத்த மண்டபத்திலே தரையை நீரென்றும் நீரைத் தரையென்றும் மயங்கித் துரியோதனன் நாணமுற்ற கதையை நாம் இளமையிலேயே அறிவோம். பதினேழாம் நூற்றாண்டில், வரலாற்றாசிரியர் பரோக் காலம் எனக் குறிக்கும் காலத்திலே, ஒல்லாந்து முதலிய நாட்டு ஓவியர் இம்மயக்கத்தையே ஒரு தனிக் கலையாக வளர்த்தனர்.

கனி, கிண்ணம், கடிதம் போன்ற அசையாப் பொருள்களை, தொட்டுப் பார்க்கக் கை நீளுமாறு தீட்டுவதே அவர்தம் நோக்கம். ஆழம் மிகுந்த காட்சியாயின், பார்ப்பவன் ஓரடி விலகியதும் பொய் வெளிப்படும். ஆதலின் பலகையிற் செருகிய கடிதம் போன்ற தட்டையான பொருள்களையே தேர்ந்து, உண்மையளவில் நிழலோடு வரைந்தனர். இறெம்பிராண்டின் மாணாக்கராகிய சாமுவேல் வான் ஹூக்ஸ்திராத்தன், 1651ஆம் ஆண்டு வியன்னா நகரிலே பேரரசர் மூன்றாம் பெர்டினாந்தை இவ்வாறு மயக்கிப் பொற்சங்கிலி பரிசு பெற்றார். 1668 முதல் 1672 வரை டென்மார்க் அரசவையிற் பணியாற்றிய கைஸ்பிரெக்ட்ஸ் என்பவரோ, ஓர் ஓவியத்தின் பின்புறத்தையே ஓவியமாக்கினார். மரச்சட்டமும் ஆணிகளும் இலக்கமிட்ட தாள்துண்டும் அதில் மெய்போல் விளங்கும். முன்புறத்தைக் காண விழைந்து திருப்புவோன் காண்பது மீண்டும் ஒரு பின்புறமே!

இவை வெறும் வேடிக்கையல்ல. மண்டையோடும் அணைந்த மெழுகுதிரியும் வரைந்து, செல்வம் நிலையாது என்று உணர்த்தியோரும் உளர். ஆயினும் அவ்வோவியங்கள் சொல்லாது விட்ட செய்தியும் ஒன்றுண்டு. பீற்றர் கிளாஸ் 1627இல் தீட்டிய விருந்து மேசையிலே சீனப் பீங்கானும், கீழ்க்கடற் சங்காற் செய்த கிண்ணமும், தாட்சுருளில் மிளகும் காணப்படும். அவற்றைத் தேடிக் கொணர்ந்த கைகள் மட்டும் காணப்படா.

அவ்வாணிகமே ஒல்லாந்தக் கொம்பனியை இலங்கைக்கும் ஈர்த்தது. 1640இல் காலியும், 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் அதன் வசமாயின. அது நாடிய பெரும் பொருள் கறுவா. அதன் பட்டையை உரித்தல் சலாகம வகுப்பாருக்குக் கட்டாய ஊழியமாயிற்று. ஒல்லாந்தின் மேசைகளில் மணத்த பட்டைக்குப் பின்னே இக்காட்டு உழைப்பு மறைந்து நின்றது.

எனினும் ஒருவர் அக்கைகளையும் கண்டார். அம்ஸ்டர்டாம் ஓவியர் எசாயாஸ் பூர்ஸே கொம்பனியின் ஊழியராய் இலங்கைக்கு வந்து, 1662ஆம் ஆண்டளவில் இங்குள்ள குடிமக்களையும் அடிமைகளையும் தம் சித்திரப் புத்தகத்தில் வரைந்தார். அப்புத்தகம் அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கண்ணை மயக்கும் நுட்பம் அதில் இல்லை. மேசை ஓவியங்கள் காட்டாத மனிதர் அதில் உளர்.

திம்புள்ளையிலே பாடம் நடத்தும் எனக்கு இச்செய்தி தொலைவானதன்று. தேயிலைப் பெட்டியின் மேலுள்ள படத்திலே மலை பசுமையாயிருக்கும். கொழுந்தெடுப்பவள் முகம் மலர்ந்திருக்கும். விடாத மழையும் அட்டைக் கடியும் அதில் இரா. ஆதலின் படத்தின் அழகை வியக்கும் மாணவரை, இதில் வரையப்படாதது யாது என வினவவும் பழக்குதல் ஆசிரியராகிய நம் கடனாகும்.