பயம் போக்கும் மாத்திரை

பயத்துக்கு மருந்து தேடாத ஜனசமூகம் உலகில் இல்லை. விபூதி பூசிக்கொண்டவர்கள் உண்டு. கள்ளையும் அபினையும் நாடியவர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கர்கள் டாக்டரிடம் போய் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

லியோ ஸ்டெர்ன்பாக் என்ற யூத ரசாயன நிபுணர், நாஜிகளின் கொடுமை ஐரோப்பாவைச் சூழ்ந்தபோது, 1941-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். நியூ ஜெர்ஸியில் ரோஷ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். 1957-ல் கூடத்தை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, என்றோ தயாரித்து ஒதுக்கிவிட்ட ஒரு பொருள் சகாவின் கண்ணில் பட்டது. எதற்கும் சோதித்துப் பார்ப்போமே என்று அனுப்பி வைத்தார்கள். அதுதான் 1960-ல் 'லிப்ரியம்' என்று கடைக்கு வந்தது. 1963-ல் அதன் தங்கை 'வேலியம்' வந்தாள். 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் டாக்டர்கள் மிக அதிகமாக எழுதிக் கொடுத்த மருந்து அவள்தான்!

எச்சரிக்கை மணி ஆரம்பத்திலேயே அடித்துவிட்டது. 1961-ல் ஹாலிஸ்டர் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும், மாதக்கணக்கில் லிப்ரியம் உட்கொண்ட 11 நோயாளிகளுக்கு, அவர்கள் அறியாமல் வெறும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். 10 பேர் அவதிப்பட்டார்கள். இருவருக்கு வலிப்பே கண்டுவிட்டது. "அது மிக அதிகமான அளவு, சாதாரண அளவுக்குப் பயமில்லை" என்று உலகம் சமாதானம் சொல்லிக்கொண்டது.

சமாதானம் நிலைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. மூளையின் கிளர்ச்சியை அடக்க 'காபா' என்ற பொருள் இயற்கையிலேயே இருக்கிறது. மாத்திரை அதற்குக் கைகொடுக்கிறது. நாளடைவில் மூளை அந்தக் கையையே நம்பிவிடுகிறது. திடீரென்று கையை எடுத்தால் தூக்கம் போகிறது, உடல் நடுங்குகிறது, காரணமில்லாமல் பீதி பிடிக்கிறது. நோயாளியோ, 'பழைய வியாதி திரும்பிவிட்டது' என்று எண்ணுகிறான். டாக்டரும் அப்படியே எண்ணுகிறார். மறுபடி மாத்திரை, மறுபடி சுகம். மருந்து உண்டாக்கிய துன்பமே மருந்தின் பெருமைக்குச் சாட்சியாகிவிடுகிறது! மனோதைரியம் இல்லாதவன் என்ற பழி மட்டும் நோயாளிக்கு.

சாதாரண அளவும் மனிதனைப் பிடித்துக்கொள்ளும் என்று 1981-ல் லண்டனில் மால்கம் லேடர் முதலானோர் எடுத்துக் காட்டினார்கள். விடுபடும் வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர் ஹெதர் ஆஷ்டன் என்ற பெண்மணி. 1929-ல் நம் டேராடூனில் பிறந்தவர். 1982 முதல் 1994 வரை இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் இதற்கென்றே ஒரு மருத்துவ நிலையம் நடத்தினார். நோயாளிகள் சொன்னதை அவர் நம்பினார். அவர் வழியில் மந்திரம் ஒன்றுமில்லை. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. டாக்டரின் மேற்பார்வையில், மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும், இம்மி இம்மியாகக் குறைக்க வேண்டும். வேகத்தை நிர்ணயிப்பவர் நோயாளியே.

1988-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் இவை கூடாது என்றது. அமெரிக்க அரசு 2020-ல் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் அச்சிடச் சொன்னது. ஹாலிஸ்டரின் சோதனைக்குப் பிறகு அதற்கு 59 வருஷம் பிடித்தது. அத்தனை காலமும் நோயாளிகள் தங்கள் உடம்பில் நடந்ததைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.