திண்ணை முதல் தோட்டப் பள்ளி வரை: வாசிப்புக்குத் துணை நின்றவர்கள்

 

பரிசளிப்பு நாளில் மேடையேறும் பிள்ளைகளைப் பார்த்துக் கை தட்டுகிறோம். தட்டத்தான் வேண்டும். ஆனால் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் இந்த மலரில் ஒரு பக்கம் இருக்கட்டும். நான்காம், ஐந்தாம் ஆண்டுக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளை அது. வாசித்து முடித்ததும் "என்னப்பா கதை?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். "இதுக்குப் படிப்பு ஏறாது, விட்டுடுங்க" என்ற பேச்சு வீட்டில் கிளம்பிவிடும். அந்தப் பேச்சு கிளம்புவதற்கு முன், நம்மவர்கள் வாசிப்பை எப்படிப் பழக்கினார்கள் என்ற வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முதலில் மணலில்தான் விரல் வைத்து எழுதினார்கள். எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லுவார்கள். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பலர். ஆகவே மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருப்பான். அவன் முறை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள். தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் படி என்று யாரையும் விட்டுவிடவில்லை. படிக்கிறவனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துணை இருந்தது.

இந்த முறை கடல் கடந்து போன கதை உங்களுக்குத் தெரியுமா? 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களோ இணங்கவில்லை. பெல் என்ன செய்தார்? எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். பெரியவர்களால் முடியாததை அந்தப் பையன் செய்து காட்டினான். 1797-இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிய அந்த முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வந்தது.

ஆனால் நம் பெருமையோடு நம் குறையையும் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் அதிகம். பொருள் விளக்கம் குறைவு. வாய் சரளமாக ஓடும். அறிவு பின்தங்கி நிற்கும். சரளம் பாதி வாசிப்புதான். புரிதல் மறு பாதி. அந்த மறு பாதிக்கு நம் மலாயாத் தோட்டங்களைப் பார்ப்போம்.

1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. இதுவே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற நிலை வந்தது. கட்டடமோ ஒரு கொட்டகை. பல இடங்களில் கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோதான் வாத்தியார். எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே.

அந்தத் தோட்டங்களில் பள்ளிக்கு வெளியே இன்னொரு பள்ளி நடந்தது. 1924-இல் 'தமிழ் நேசன்' பிறந்தது. 1935-இல் 'தமிழ் முரசு' பிறந்தது. எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, லயத்துத் திண்ணையில் மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "அப்படின்னா என்னாங்க அண்ணே? அடுத்து என்ன ஆகும்?" என்று குறுக்கே கேட்பார்கள். வாசிக்கிறவர் நிறுத்தி, யோசித்து, சொந்தச் சொல்லில் விளக்க வேண்டும். அங்கேதான் வாசிப்பு புரிதலாக மாறியது.

இந்த இரண்டையும் பிற்காலத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் வழியில் ஆராய்ந்தார்கள். 1979-இல் ஜே சாமுவேல்ஸ் என்பவர், 50 முதல் 200 சொல் உள்ள சிறு பகுதியையே சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்யும் முறையை எழுதினார். எழுத்துக் கூட்டுவதிலேயே மனம் முழுவதும் செலவானால், பொருளை நினைக்க மனத்தில் இடம் ஏது? வாய் பழகினால் மனம் விடுபடும். 1984-இல் பாலின்சார், பிரவுன் என்ற இருவர், வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு பழக்கம் கற்பித்தார்கள்: சுருக்கிச் சொல்லுதல், கேள்வி கேட்டல், புரியாததைத் தெளிதல், அடுத்து வருவதை ஊகித்தல். ஆசிரியரும் பிள்ளைகளும் மாறி மாறி வகுப்பை நடத்தினார்கள். பிள்ளைகளின் புரிதல் நன்றாக உயர்ந்தது.

பெற்றோர்களே! வெளிக்காட்டு வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள். ஆனாலும் இரவில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி போதும். முதலில் வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டட்டும். பிறகு பிள்ளை அதையே மூன்று, நான்கு முறை உரக்க வாசிக்கட்டும். தடுக்கி விழும் சொல்லைத் திட்டாமல் எடுத்துக் கொடுங்கள். முடிந்ததும் கேளுங்கள்: "என்ன சொல்லுது? ஏன் அப்படி? எந்தச் சொல் புரியல? இனி என்ன நடக்கும்?"

"எனக்கே படிக்கத் தெரியாதே" என்கிறீர்களா அம்மா? கேட்கத் தெரியுமே! லயத்துத் திண்ணையில் கேட்டவர்களிலும் பலர் எழுத்தறியாதவர்கள்தாம். அவர்கள் கேட்ட கேள்விதான் வாசித்தவரை விளக்க வைத்தது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களே! தம்பி தங்கைக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை எடுத்தால் வெட்கமாக இருக்கும். தம்பிக்காக எடுத்தால் வெட்கம் ஏது? நீங்களே சட்டாம்பிள்ளை! அவனுக்கும் நல்லது, உங்கள் நாவுக்கும் பயிற்சி.

இடைநிலைப் பள்ளிக்குப் போனால் பாடங்கள் பெரும்பாலும் மலாய் மொழியில் இருக்கும். தாய்மொழியில் பொருள் பிடித்து வாசிக்கப் பழகாத பிள்ளை அங்கே இரண்டு மடங்கு திணறும். ஆகவே ஆறாம் ஆண்டு முடிவதற்குள் கை கொடுங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நம் பிள்ளை நகரமாட்டானா?