ஓலையிலிருந்து அச்சுக்கு: வீரமாமுனிவர் எழுத்துகளின் வரலாறு

காவிரிக் கரையில் தமிழ் வளர்த்த சான்றோரை எண்ணத் தொடங்கினால், உறையூர் மக்களாகிய நமக்குச் சங்கப் புலவர்களே முதலில் நினைவுக்கு வருவார்கள். சோழர் தலைநகராய் இருந்த ஊருக்கு அது இயல்பே. அந்த நீண்ட வரிசையில், இத்தாலி நாட்டில் பிறந்து, திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழ்ந்து, காப்பியமும் இலக்கணமும் அகராதியும் தந்த ஒரு துறவிக்கும் இடம் உண்டு. குருவாகவும் கவிஞராகவும் சமய வாதியாகவும் விளங்கிய வீரமாமுனிவரின் எழுத்துகள் எவ்வாறு பிறந்தன, எத்தனை கைகள் மாறி நம்மிடம் வந்து சேர்ந்தன என்பதை வரும் தலைமுறைக்காக இம்மலரில் பதிவு செய்கிறோம்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவருடைய இயற்பெயர். 1680 நவம்பர் 8 அன்று வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவா வந்து இறங்கி, அடுத்த ஆண்டே மதுரை மிஷனுக்குள் அடியெடுத்து வைத்தார். அந்த மிஷன் 1606இல் இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் தொடங்கியது. காவி உடுத்தி, புலால் நீக்கி, இந்நாட்டுத் துறவியரைப் போல வாழ்வது நொபிலி காட்டிய நெறி. பெஸ்கி அடிகளும் அந்நெறியில் நின்று, முதலில் தைரியநாதர் என்று பெயர் கொண்டார். பிறந்த ஊரை அவர் மீண்டும் காணவில்லை.

தொடக்க ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை. காமநாயக்கன்பட்டி முதலிய தென்பகுதி ஊர்களில் பணி. மொழி புதிது, வெயில் புதிது, பாளையக்காரர்களின் பகையும் புதிது. 1714–15இல் குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு, கொலைத் தண்டனையின் விளிம்பு வரை சென்று மீண்டார். அஞ்சி ஊர் திரும்பியிருந்தால் அவரைக் குறை சொல்வார் யாரும் இல்லை. அவரோ சுவடியைக் கையில் எடுத்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. முப்பது வயதுக்கு மேல் அரிச்சுவடி தொடங்கிய ஒருவர், திருக்குறளையும் சிந்தாமணியையும் கம்பனையும் கற்றுத் தேர்ந்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் காப்பியம் பாடும் அளவுக்கு உயர்ந்தார்.

1720களே அவருடைய எழுத்தின் பொற்காலம். திருச்சிக்குத் தெற்கே உள்ள ஆவூர், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி ஆகிய ஊர்கள் அவருடைய பணித்தலங்களாயின. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவின் திருத்தலமும் அவர் கண்டது. மரியன்னையின் பெயரால் எழுந்த இவ்விரு கோயில்களும் அவருடைய கவிதைக்கும் ஊற்றாயின. திருக்காவலூர்க் கலம்பகம், அன்னை அழுங்கல் அந்தாதி, அடைக்கல மாலை, கித்தேரியம்மாள் அம்மானை எனச் சிற்றிலக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கலம்பகமும் அந்தாதியும் கற்றோர் அவைக்கு. அம்மானையோ எழுத்தறியாத பெண்களும் கூடியிருந்து பாடிக் கேட்பதற்கு.

அக்காலத்தில் நாயக்கர் அரசின் தலைநகரம் திருச்சிராப்பள்ளி. ஆண்டவர் விசயரங்க சொக்கநாதர். அவருடைய உருவச்சிலையைத் திருவரங்கம் கோயிலில் இன்றும் காணலாம். அவருடைய அரண்மனையில் பணிபுரிந்தவராகத் தாயுமானவரைச் சொல்வது மரபு. ஒருபக்கம் தாயுமானவரின் பராபரம், மறுபக்கம் முனிவரின் அடைக்கலநாயகி: ஒரே காலத்தில், ஒரே அரசின் எல்லைக்குள், இரு வேறு பக்திக் குரல்கள் தமிழில் எழுந்தன. இது நம் வட்டாரத்துக்கு வாய்த்த பேறு.

1726இல் தேம்பாவணி நிறைவெய்தியது. கன்னி மரியின் துணைவரான புனித சூசையப்பரை வளன் என்னும் தமிழ்ப் பெயரால் தலைவனாக்கி, மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 விருத்தங்களில் பாடிய பெருங்காப்பியம் அது. எசுப்பானியத் துறவி மரியா தெ ஆகிரேதா எழுதிய நூலிலிருந்து கதையின் பல பகுதிகளை அவர் எடுத்துக்கொண்டார். ஆயினும் காப்பியத்தின் கட்டு முழுவதும் தமிழ் மரபு. நாட்டுப் படலம், நகரப் படலம் என்றே நூல் தொடங்குகிறது. யூதேயா நாட்டிலும் மருத நிலத்து வயல் விளைகிறது, நீர் பாய்கிறது. கொள்ளிடக் கரையில் வாழ்ந்த கவிஞருக்கு வளமான நாடு என்றால் கண்முன் நின்றது இதுதான். கற்றோர்க்கும் தடையின்றி விளங்க வேண்டும் என்று 1729இல் அவரே உரையும் எழுதினார். வீரமாமுனிவர் என்னும் பெயர் இக்காப்பியத்தை அரங்கேற்றியபோது புலவர்கள் தந்தது என்பர்.

இதே ஆண்டுகளில்தான் அவர் வாதக் களத்திலும் இறங்கினார். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய லுத்தரன் மிஷன், அச்சகம் நிறுவி, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் பரப்பி வந்தது. கத்தோலிக்க மக்களின் கைகளிலும் அந்நூல்கள் வந்து சேர்ந்தன. முனிவரிடம் அச்சகம் இல்லை. எழுத்தாணியும் உபதேசியார்களும் மட்டுமே இருந்தனர். 1727இல் உபதேசியார்களுக்கென வேதியர் ஒழுக்கம் எழுதினார். 1728இல் வேத விளக்கம் வந்தது. தொடர்ந்து பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என மறுப்பு நூல்கள் ஓலைப் படிகளாகச் சிற்றூர்களுக்குச் சென்றன. மறுதரப்பின் கொள்கையை மட்டுமன்றி, மொழிபெயர்ப்புத் தமிழின் தரத்தையும் அவர் கண்டித்தார். வேதத்தைச் சொல்லும் தமிழ் பிழையற்றதாக, கேட்போர் மதிக்கும் தமிழாக இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. அந்த வாதத்தில் பிறந்த உரைநடை தெளிவும் விரைவும் கொண்டது. தமிழ் உரைநடை வளர்ச்சியில் அதற்குத் தனி இடம் உண்டு.

1730களில் அவர் இலக்கண ஆசிரியராக நிமிர்ந்து நின்றார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்தையும் 370 நூற்பாக்களில் சொல்லும் தொன்னூல் விளக்கம் 1730இல் முடிந்தது. பின்னால் வரும் ஐரோப்பியக் குருக்களுக்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தையும் செந்தமிழ் இலக்கணத்தையும் இலத்தீனில் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து உரை வரைந்தார். மேலை நாட்டு மொழியொன்றில் குறள் பெற்ற முதல் பெயர்ப்புகளுள் அது வைத்து எண்ணப்படும். 1732இல் சதுரகராதி வந்தது. நிகண்டுகளை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்த காலத்தில், பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவாக, அகர வரிசையில் சொற்களை அடுக்கித் தமிழ் அகராதிக் கலைக்கு வழிதிறந்த நூல் அது.

எழுத்துச் சீர்திருத்தமும் அவருடைய பணியே. அதற்கு முன்னர் எகர ஒகரக் குறில்களுக்குத் தலையில் புள்ளி இடுவதும், நெடில்களைப் புள்ளியின்றி எழுதுவதும் வழக்கு. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் அதனை விட்டுவிடுவர். குறிலா நெடிலா என்பது படிப்போர் ஊகத்துக்கு உரியதாயிற்று. முனிவர் நெடிலுக்குச் சுழித்த கொம்பைத் தந்து இக்குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நம் வீட்டுக் குழந்தை பள்ளியில் 'ஏ' என்றும் 'ஓ' என்றும் எழுதிப் பழகும்போது, அந்தக் கையெழுத்தில் முனிவரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

1738இல் நடந்தது ஒன்றை இங்கே சிறப்பாகக் குறிக்க வேண்டும். முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் அவர் வாழ்நாளிலேயே அச்சேறியது. அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். வாதக் களத்தில் எதிர்நின்றவர்களே, தமிழ் கற்க இவர் நூலைவிடச் சிறந்தது இல்லை என்று ஏற்று, தம் எழுத்துக்களைக் கோத்து அதனை வெளியிட்டனர். கொள்கையில் மாறுபட்டோரும் தமிழில் அவரை ஆசானாக ஏற்றதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னர்த் துன்பக் காலம் வந்தது. நாயக்கர் ஆட்சி முடிந்து, திருச்சி சந்தா சாகிபின் கையில் விழுந்தது. முனிவர் அவருடைய அவையில் மதிப்புப் பெற்றுத் திவானாக இருந்தார் என்று பழைய வரலாறுகள் சொல்லும். 1741இல் மராட்டியர் திருச்சிக் கோட்டையைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு சென்றனர். சீமையெங்கும் போரும் பஞ்சமும். முதுமையில் முனிவர் தெற்கே மணப்பாட்டுக்கும், பின்பு சேரநாட்டு அம்பலக்காட்டுக்கும் சென்றார். 1747 பிப்ரவரி 4 அன்று அங்கே இறைவனடி சேர்ந்தார்.

முனிவர் மறைந்த சில பத்தாண்டுகளில் அவர் சார்ந்த சபையே இல்லாமற் போயிற்று. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். காக்கும் நிறுவனம் இன்றி நின்ற சுவடிகளைக் காத்தவர்கள் ஊர் உபதேசியார்களும் கோயில் பிள்ளைகளும் அவற்றைப் படியெடுத்த புலவர்களும்தான். அவர்களுள் பலரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கரையானுக்கும் போருக்கும் தப்பி அந்த ஓலைகள் பிழைத்தது அவர்களுடைய தொண்டினால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மீட்பின் நூற்றாண்டு. சென்னையில் தமிழுக்கு உழைத்த எல்லிஸ் துரையின் வேண்டுகோளின்படி, 1816இல் முத்துசாமிப் பிள்ளை தென்னாட்டு ஊர்களில் முனிவரின் சுவடிகளைத் தேடிப் புறப்பட்டார். 1822இல் முனிவரின் வரலாற்றையும் அவரே எழுதினார். அதே ஆண்டு முனிவரின் பரமார்த்த குரு கதை இலண்டனில் பாபிங்டன் என்பவரின் முயற்சியால் அச்சாயிற்று. எளிய மக்களின் பேச்சில் அமைந்த அந்த நகைச்சுவைக் கதை பல மொழிகளுக்குப் பரவியது. 1824இல் சதுரகராதி சென்னையிலும், 1838இல் தொன்னூல் விளக்கம் புதுவையிலும் வெளிவந்தன. 1851 முதல் 1853 வரை தேம்பாவணி மூன்று பகுதிகளாகப் புதுவை மிஷன் அச்சகத்தில் முழுமை பெற்றது. காப்பியம் பாடி முடிந்து ஏறக்குறைய ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் நிகழ்ந்தது அது. 1886இல் ஜி. யு. போப் ஐயர் தம் திருக்குறள் ஆங்கிலப் பதிப்பில் முனிவரின் இலத்தீன் பெயர்ப்பையும் சேர்த்துக்கொண்டார்.

மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபை 1838இல் மதுரை மிஷனுக்குத் திரும்பியது. 1844இல் நாகப்பட்டினத்தில் அது தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. தேம்பாவணித் தலைவன் பெயரைத் தாங்கிய அக்கல்லூரி, உறையூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் மலைக்கோட்டை அடிவாரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. முனிவரின் காலத்தையும் எழுத்துகளையும் ஆராய்ந்து பெஸ் அடிகளார் எழுதிய ஆங்கில நூலும் 1918இல் திருச்சியிலேயே, புனித வளனார் தொழிற்பள்ளி அச்சகத்தில் அச்சிடப்பட்டது. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, கடற்கரையில் வள்ளுவர், ஔவை, கம்பர் சிலைகளோடு முனிவருக்கும் சிலை எழுந்தது. தமிழுலகம் அவரைத் தன் புலவராக ஏற்றதன் சின்னம் அச்சிலை.

தமக்கென அச்சகம் இல்லாமலே எழுதினார் முனிவர். பேர் தெரியாத எளியோர் அவர் எழுத்துகளைப் படியெடுத்துக் காத்தனர். தேடியலைந்து சேர்த்தனர் சிலர். பொருள் செலவிட்டு அச்சேற்றினர் பலர். சமய எல்லைகளைக் கடந்தும் அப்பணி தொடர்ந்தது. அந்த வரிசையில் அடுத்து நிற்பவர்கள் நாம். இம்மலரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் தேம்பாவணியின் ஒரு படியை வீட்டில் வைத்து, நாட்டுப் படலத்தையேனும் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க வேண்டும். பழைய சுவடியோ முதற்பதிப்போ எவர் வீட்டுப் பரணில் இருந்தாலும், அதனை நூலகத்துக்குத் தந்து காக்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.