60-ம் கல்யாணம் எடுக்குற கேமராவில் நட்சத்திரமும் எடுக்கலாமா? எந்த சென்சார் எதற்கு?

திருக்கடையூர் என்றாலே 60-ம் கல்யாணமும் 80-ம் கல்யாணமும்தான். விடிகாலையிலேயே அமிர்தகடேஸ்வரர் கோயிலில் ஃபிளாஷ்கள் மின்ன ஆரம்பித்துவிடும். அதே கேமராவை ராத்திரியில் வானத்தின் பக்கம் திருப்பினால் என்ன கிடைக்கும்? நட்சத்திரப் படம் எடுக்க தனியாக ஒரு கேமரா வாங்கணுமா?

எந்த இரவு நல்லது?

தை அமாவாசையன்று அபிராமி பட்டருக்காக அம்பாள் முழுநிலவைக் காட்டினாள் என்பது இந்த ஊர் ஐதீகம். ஆனால் நட்சத்திரப் படம் எடுப்பவர்களுக்கு வேண்டியது நிலவே இல்லாத அமாவாசை இரவுதான். நிலா வெளிச்சத்தில் பால்வீதியும் நெபுலாக்களும் மங்கிப்போகும். தை அமாவாசை சமயத்தில் இரவு 9 மணிவாக்கில் ஓரியன் கூட்டம் உச்சிக்கு அருகில் இருக்கும்.

நிலா, கோள்களுக்கு?

இதற்குப் பெரிய சென்சார் தேவையில்லை. வியாழன், சனியை டெலஸ்கோப் வழியாக வீடியோவாக எடுத்து, அதில் தெளிவான ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்குவார்கள். சின்ன சென்சார் கொண்ட, வேகமான கேமராவே போதும். நிலாவுக்கு டெலஸ்கோப்பில் பொருத்திய செல்போனே போதும்.

பால்வீதிக்கு?

இங்கேதான் கல்யாண கேமரா கைகொடுக்கும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36x24 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரைவிட பரப்பு 2 மடங்குக்கும் மேல். ஒரே அளவு காட்சியை ஒரே எஃப் எண்ணில் எடுத்தால், ஃபுல் ஃபிரேமுக்கு ஒளி அதிகம் கிடைக்கும், புள்ளிப்புள்ளியான நாய்ஸ் குறையும். மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எத்தனை விநாடி திறந்து வைக்கலாம்? 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுங்க. 24 மி.மீ. என்றால் சுமார் 20 விநாடி. ஏபிஎஸ்-சி என்றால் சுமார் 14 விநாடி. அதைத் தாண்டினால் பூமி சுழல்வதால் நட்சத்திரம் கோடாக இழுக்கும்.

நெபுலாவுக்கு?

ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு ஒளி 656 நானோமீட்டரில் வருகிறது. சாதாரண கேமராவின் சென்சார் முன்னால் இருக்கும் ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வானியலுக்கென்றே வரும் கேமராக்களில் இந்தத் தடை இல்லை.

இன்னொரு சிக்கல், சூடு. சென்சார் சூடாக இருந்தால், வெளிச்சமே இல்லாதபோதும் நாய்ஸ் கூடும். டெல்டாவின் புழுக்கமான இரவுகளில் இது நன்றாகவே தெரியும். சென்சாரைக் குளிர்விக்கும் வசதியுள்ள கேமராவுக்கு அதிக விலை கொடுப்பது இதற்காகத்தான்.

எதை முதலில் வாங்கலாம்?

கையில் கேமரா இருந்தால் புதுசு வேண்டாம். முதலில் ஆடாத ட்ரைபாட். அடுத்து எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும் லென்ஸ். அப்புறம் நட்சத்திரத்தோடு சேர்ந்து நகரும் டிராக்கர். குளிர்விக்கும் கேமரா கடைசியில்தான்.

மார்கழி, தை மாதங்களில் லென்ஸைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் பட்டையும் அவசியம். வயல்வெளியில் இறங்கும் பனி கண்ணாடியில் படிந்துவிட்டால், எந்த சென்சார் இருந்தும் பயனில்லை.