பூங்கா இல்லாத பூங்கா நகர்

நெல்லிக்குப்பத்துக் கரும்பாலையில் பணியாற்றிய என் தந்தை தம் வாழ்நாளில் குடும்பத்தோடு சென்னைக்கு உல்லாசமாகச் சென்றது ஒரே ஒரு முறைதான். எழுபதுகளின் இறுதியில் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை. எனக்கு எட்டு வயது. விழுப்புரத்தில் வண்டி மாறி எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து ஒரே ஒரு நிலையத் தூரம் மின்சார ரயிலில் போனோம். இறங்கிய நிலையத்தின் பெயர் பார்க். அம்மா தூக்குவாளியில் கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை ஒரு மரத்தடியில் வைத்துத் தின்றுவிட்டு, "உயிர்க் காலேஜ்" பார்க்கக் கிளம்பினோம்.

இளைய வாசகர்களுக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். மிருகக்காட்சிசாலையைத்தான் அன்றைய மக்கள் அப்படி அழைத்தார்கள். பாடம் செய்த விலங்குகள் நிற்கும் எழும்பூர் அருங்காட்சியகம் "செத்த காலேஜ்". 1851இல் அருங்காட்சியகம் முதன்முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் தொடங்கப்பட்டதால் "காலேஜ்" என்னும் சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது என்பர். புலியையும் யானையையும் விட அந்தப் பெயர்கள்தான் எனக்கு அதிக வியப்பைத் தந்தன என்று நினைக்கிறேன். திரும்பும் வழியில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் அப்பா எனக்கொரு தேசப்படப் புத்தகம் வாங்கித் தந்தார். அட்டை கிழிந்த நிலையில் அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

அண்மையில் எங்கள் பங்கின் பீடச்சிறுவர்கள் பன்னிரண்டு பேரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். அதே பார்க் நிலையத்தில் இறங்கினோம். பெயர்ப்பலகையை உரக்கப் படித்த ஒரு பையன் நாலாபுறமும் பார்த்துவிட்டு, "ஃபாதர், பூங்கா எங்கே?" என்று கேட்டான். எதிரே பொது மருத்துவமனை; இப்பால் சென்ட்ரல் நிலையம்; அப்பால் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை; இடையில் வண்டிகளின் இரைச்சல். "இங்கேதான் இருந்தது" என்றேன். "யார் எடுத்தார்கள்?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஊர் திரும்பியபின் சில மாதங்கள் நூல்களைத் தேடிப் படித்தபின், அச்சிறுவனுக்குத் தர வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

1859ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றவர் சர் சார்லஸ் ட்ரெவெல்யான். கோட்டையை அடுத்து ஐரோப்பியர் காற்று வாங்கத் திறந்த வெளியும் கடற்கரையும் இருந்தன. கறுப்பர் நகரம் என்று அவர்கள் பெயரிட்ட பகுதியிலோ வீட்டோடு வீடு ஒட்டி, மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அந்நகரத்தின் மேற்கு எல்லையை ஒட்டிக் கிடந்த பரந்த நிலத்தைப் பொதுமக்களுக்கான தோட்டமாக்க ட்ரெவெல்யான் முனைந்தார். "பீப்பிள்ஸ் பார்க்", மக்கள் பூங்கா என்பதே அதற்கு வைக்கப்பட்ட பெயர். 116 ஏக்கர், குளங்கள், வளைந்து செல்லும் பாதைகள், வாத்திய இசைக்கு ஒரு மேடை, குளிக்குமிடம் என்று அது விரிந்தது. நமது கிராமங்கள் பலவற்றின் குடியிருப்புப் பகுதி முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம்.

இந்த ட்ரெவெல்யான் யார் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் கண்டு கொடிய பஞ்சம் வந்தபோது, இலண்டன் கருவூலத்தில் அமர்ந்து நிவாரணச் செலவுக்குக் கடிவாளம் பிடித்த அதிகாரி இவரே. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்ட அப்பஞ்சத்தை நினைக்கும் அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அவர் பெயரைக் கசப்போடுதான் உச்சரிக்கிறார்கள். அவர் இங்கே ஆளுநராக வந்தபோது, சென்னைக் கத்தோலிக்கரை வழிநடத்திய ஆயர் ஜான் ஃபென்னலி அயர்லாந்தைச் சேர்ந்தவர்; 1841 முதல் இங்கே உழைத்தவர். தம் நாட்டார் பட்டினி கிடந்தபோது காசை எண்ணிக் கொடுத்த அதே கை, இங்கே ஏழைகளுக்கு 116 ஏக்கர் தோட்டம் அமைப்பதை அவர் தம் கண்ணால் கண்டிருப்பார். ஒரே மனிதரின் இவ்விரு செயல்களையும் ஒரு தராசில் வைத்து நிறுக்கும் துணிவு எனக்கில்லை. ட்ரெவெல்யானும் இங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. கல்கத்தாவில் நிதிப் பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் வில்சன் புகுத்திய வருமான வரியை எதிர்த்துத் தம் குறிப்பைப் பகிரங்கமாக வெளியிட்டதற்காக 1860லேயே திருப்பி அழைக்கப்பட்டார்.

பூங்காவுக்கு உயிர் கொடுத்தவர் வேறொருவர். மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், மரங்களுக்கும் மழைக்கும் உள்ள உறவைப் பற்றி 1849லேயே எழுதியவர். அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தபோது, உயிருள்ள விலங்குகளைப் பார்க்கவே மக்கள் திரண்டு வருவதைக் கவனித்தார். ஆற்காட்டு நவாபிடம் இருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று 1855இல் எழும்பூர் வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். ஓராண்டில் விலங்குகளின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. 1863இல் அது நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, மக்கள் பூங்காவின் ஒரு மூலைக்குக் குடிபெயர்ந்தது. அனுமதி இலவசம். மூட்டை சுமப்பவரும் தம் பிள்ளையைத் தோளில் ஏற்றிச் சிங்கத்தைக் காட்ட முடிந்த இடம் அது.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாள்களில் இப்பூங்காவில் பெரிய பொருட்காட்சி நடைபெறும். "பார்க் வேடிக்கை" பார்க்க நகரமே வரும். 1886ஆம் ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று, கூட்டம் நிறைந்திருந்த வேளையில், அங்கே தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆண்டின் கடைசி மாலையைக் குடும்பத்தோடு களிக்க வந்தவர்கள் அவர்கள். நாங்கள் புளிச்சோறு தின்ற நாளும் ஏறத்தாழ அதே தேதிதான் என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது. பிறகொரு முறை தனியாகச் சென்னை சென்றபோது, ரிப்பன் மாளிகையின் பின்புறம்வரை நடந்து பார்த்தேன். அவர்கள் நினைவாக ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை. பிளாட்பாரத்திலேயே ஒரு செபம் சொன்னேன். டிக்கெட் பரிசோதகர் என்னைச் சற்று விசித்திரமாகத்தான் பார்த்தார்.

பூங்காவைத் தீ அழிக்கவில்லை. பையனின் இரண்டாம் கேள்விக்கு விடை இனிமேல்தான் வருகிறது.

சென்னைக்கு ஒரு நகர மண்டபம் இல்லையே என்று பெரியவர்கள் ஏங்கினார்கள். விஜயநகரம் மன்னர் ஆனந்த கஜபதி 1883இல் அடிக்கல் நாட்டினார். பூங்காவிலிருந்து 57 மனை நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டது. மூன்று ஏக்கர் சொச்சம். 116இல் மூன்று போனால் என்ன? அங்கே எழுந்த விக்டோரியா பொது மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் அரங்கேறின, சுவாமி விவேகானந்தர் 1897இல் உரையாற்றினார். அடுத்து, பிராட்வேயில் தெருவை அடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர்களுக்கு ஒழுங்கான இடம் வேண்டியிருந்தது. நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. அதுவும் பூங்காவின் நிலமே. வளர்ந்துவிட்ட நகராட்சிக்கு அலுவலகம் போதவில்லை. ஏழரை இலட்சம் ரூபாயில் கட்டிய ரிப்பன் மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. இந்தியருக்கு உள்ளாட்சி உரிமை தந்த ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கிய அம்மாளிகை, மக்களின் தோட்டத்தில் எழுந்தது. இளைஞருக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்றார்கள். நேரு விளையாட்டரங்கம் வந்தது. (1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது இத்திடலில்தான். அச்சாதனை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்தது. எங்கள் குருமடத்தில் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த பேராசிரியர் ஒருவர் இருந்தார்.)

இவற்றில் எதையாவது தீய நோக்கம் என்று சொல்ல முடியுமா? மண்டபம் தேவை, சந்தை தேவை, அலுவலகம் தேவை, திடலும் தேவை. நிலத்தைத் திருடியவர் என்று சுட்டிக்காட்ட ஒருவருமில்லை. ஒவ்வொரு முறையும் நல்லவர்கள் கூடி, நல்லதொரு காரணத்துக்காக, கொஞ்சம் நிலம் மட்டும் கேட்டார்கள். மரமும் குளமும் வாய் திறந்து மறுக்கவில்லை. அங்கே ஞாயிறு மாலை வந்து புல்லில் அமர்ந்த கூலிக்காரரையும் யாரும் கலந்து பேசியிருக்கமாட்டார்கள்.

எஞ்சிய மூலையில் மிருகக்காட்சிசாலை ஒடுங்கிக் கிடந்தது. ஒருபுறம் சாலை, மறுபுறம் இரயில். எட்டு வயதில் நான் கண்ட புலி ஏன் ஓயாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது என்பது இப்போது புரிகிறது. 1976இல் வண்டலூர் காப்புக் காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அங்கே புதிய உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். விலங்குகளுக்கு அது விடுதலைதான். அதில் எனக்கு மகிழ்ச்சியே. அதே ஆண்டு மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பூங்காவின் அல்லிக்குளம் இருந்த இடம் அது. குளம் போய்ப் பெயர் மட்டும் தங்கிற்று. முன்பு மலர்க் கண்காட்சிகள் நடந்த மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு துண்டொன்று விளையாட்டரங்கின் பக்கம் பிழைத்திருக்கிறது.

பீடச்சிறுவனுக்கு இதையெல்லாம் சொல்லிவிடலாம். சொல்லாமல் நான் தள்ளிப்போடுவதற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஆலயத்தின் பின்னால் முக்கால் ஏக்கர் தோப்பு இருக்கிறது. நான்கு வேப்பமரங்கள், இரண்டு மா, பழைய லாரி டயரில் கட்டிய ஓர் ஊஞ்சல். மாலையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கேதான் கிடப்பார்கள். அவ்விடத்தில் ஒரு திருமண மண்டபம் கட்டப் பங்குப்பேரவை தீர்மானித்து ஓராண்டாகிறது. வாடகையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தலாம் என்பது அவர்கள் திட்டம். நல்ல திட்டம். முன்மொழிந்தவர்களும் நல்லவர்கள்; அவர்களில் இருவர் தம் சொந்தப் பணத்தைத் தரவும் முன்வந்திருக்கிறார்கள். "கொஞ்ச இடந்தானே, சாமி, சுற்றிலும் மரம் வைத்துக்கொள்ளலாம்" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னபோது, நானும் தலையசைத்தவன்தான்.

பேரவை மீண்டும் வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கூடுகிறது. பொறியாளர் தந்த வரைபடம் என் மேசைமேல், அப்பா வாங்கித் தந்த தேசப்படப் புத்தகத்தின் அடியில் இருக்கிறது. ஊஞ்சல் தொங்கும் வேப்பமரம் நிற்குமிடத்தில், நீல மையில், சமையற்கூடம் என்று எழுதியிருக்கிறது.